பூங்காவனம் பேசுவதற்கான நிபந்தனைகள்

பூங்காவனம் உயிரோடு இருந்தவரை யாரையும் பொறுமையாக இருக்கச் சொன்னதில்லை. உலை கொதிக்கத் தாமதமானால் விறகைத் திட்டிவிட்டுத்தான் ஊதுவாள். அப்பேர்ப்பட்டவளை வெண்கலத்தில் வார்த்து, கம்பிக்கூண்டுக்குள் நிறுத்தி, அவளுடைய குரலிலேயே "பொறுமையாக இருங்கள். மனு கொடுங்கள். அரசு ஆவன செய்யும்" என்று சொல்ல வைத்துவிட்டார்கள். 'ஆவன' என்ற சொல்லை அம்மா வாழ்நாளில் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை என்பதில் மகள் மரகதத்துக்குச் சந்தேகமே கிடையாது.

அவள் இதைக் கேள்விப்பட்டது எல்லம்மாவின் சாவு வீட்டில். எல்லம்மா மாங்குளத்தூர் காலனியில் அம்மாவுக்குத் தோழி. எத்தனையோ போராட்டங்களில் அம்மாவோடு ஜெயிலுக்குப் போனவள். பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருக்கும் மரகதம், லீவு சொல்லிவிட்டு மாலையோடு வந்து இறங்கியபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த வழியாகத் தூக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். வயல் வழியாகத்தான் என்றான் எல்லம்மாவின் மகன் ஏகாம்பரம். ஐப்பசி மழை விட்டபாடில்லை. வயலில் முழங்கால் அளவுக்குச் சேறு.

"இந்தத் தடவ தெரு வழியாப் போறதாத்தான பேசிக்கினு இருந்தீங்க?"

"காலையில போயி அம்மாவைக் கேட்டோம்க்கா. பொறுமையா இருங்கன்னு சொல்லிடுச்சு."

அம்மா என்று அவன் சொன்னது சிலையை. மரகதத்துக்கு மாலையைத் தரையில் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது. சாவு வீடாயிற்றே என்று எல்லம்மாவின் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மாங்குளத்தூரில் சுடுகாடு ஊருக்கு மேற்கே இருக்கிறது, காலனி கிழக்கே இருக்கிறது. நடுவில் பெரிய தெரு. நேராக நடந்தால் ஒரு வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடலாம். ஆனால் காலனிப் பிணம் பெரிய தெருவில் போகக்கூடாது என்பது ஊரின் ஏற்பாடு. பூங்காவனம் தன் வாழ்நாளை அந்தத் தெருவுக்குத்தான் செலவழித்தாள். முதல் முறை பாடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது கல் பறந்து வந்தது. முன்னால் போன மரகதம் என்ற பெண் அங்கேயே விழுந்து செத்தாள். அப்போது பூங்காவனத்தின் வயிற்றில் இருந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். வழக்கில் எல்லோரும் விடுதலையானார்கள். பிறகு பூங்காவனம் கோர்ட்டுக்கு அலைந்து, தெரு பொதுத்தெருதான் என்று உத்தரவும் வாங்கினாள். உத்தரவு கோர்ட்டில் இருந்தது, பிணம் சேற்றில் போனது. அவள் செத்தபோது அவளையும் சேற்றில்தான் கொண்டுபோனார்கள்.

பாதை கேட்டவளுக்குப் பாதையைக் கொடுப்பதைவிடச் சிலை கொடுப்பது அரசாங்கத்துக்குச் சுலபமாக இருந்தது. 'பேசும் நினைவகம்' என்று திட்டம் அறிவித்தார்கள். உரிமைக்காகப் போராடியவர்கள் அந்தந்த ஊரிலேயே நின்று வருங்காலத் தலைமுறையோடு உரையாடுவார்களாம். சிலை வருவதற்கு முன்பே கூண்டு வந்துவிட்டது. கூண்டுக்குக் காவலாக இரண்டு போலீஸ்காரர்களும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

சிலையைச் செய்த கம்பெனியிலிருந்து வந்த என்ஜினீயர் ரிஸ்வான்தான் மரகதத்துக்கு விளக்கினான். நல்ல பிள்ளை, கொஞ்சம் அப்பாவி.

"இது ரெக்கார்டு போட்டுக் கேக்கற சமாச்சாரம் இல்ல மேடம். அவங்க பேசினது, எழுதினது, கோர்ட்டுல சொன்ன சாட்சி எல்லாத்தையும் வச்சு அவங்க யோசிக்கிற விதத்தையே கட்டியிருக்கோம். புதுசா ஒண்ணு கேட்டா, அவங்க இருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ அதைச் சொல்லும்."

"மந்திரி வர்றப்பவும் அதையேதான் சொல்லுமா தம்பி?"

ரிஸ்வான் பெருமையாகத் தலையாட்டினான். மரகதம், தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

திறப்பு விழாவில் அமைச்சர் குனிந்து வணங்கி, அம்மையார் ஆசி வழங்க வேண்டும் என்று கேட்டார். "ஆசி கெடக்கட்டும், சுடுகாட்டுப் பாதை இன்னா ஆச்சு?" என்றது சிலை. நேரடி ஒளிபரப்பில் சட்டென்று சோப்பு விளம்பரம் போட்டார்கள். காலனிச் சனம் அன்று சிரித்த சிரிப்பைப் பார்த்து மரகதத்துக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். கூண்டை நெருங்கும்போதே உள்ளிருந்து குரல் வரும்: "மரகதம், சாப்புட்டியாடி? ஏன் கண்ணு உள்ள போயிருக்குது?" தலை நரைத்த மரகதம் கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே இருப்பது வெண்கலமும் ஒயரும்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்காமல் எத்தனையோ வருஷம் ஓடியிருந்தது. மறுபடி கிடைத்ததை மறுபடி பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. மூன்று தடவை கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் அதுதான்.

கையெழுத்து எதற்கென்றால், சமாதானக் கூட்டத்துக்கு. நம் பக்கத்தில் எங்கே அடிதடி நடந்தாலும் இரண்டு தரப்பையும் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, அடித்தவனையும் அடிபட்டவனையும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள் அல்லவா, அதே கூட்டம். இங்கே சிலை பேசும் பேச்சுக்கு நடந்தது. தாசில்தார் ஹேமாவதி நல்ல மாதிரி. யாரிடமும் கோபப்படமாட்டார். கோபப்படாமலே எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுவார்.

ஊர்த் தரப்பில் அரிசி மில் தனகோட்டி வந்தார். சிலை பேசுவதில் தங்களுக்கு வருத்தம் இல்லை என்றும், மனம் புண்படும் வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடலாம் என்றும் பணிவாகச் சொன்னார். முதல் கூட்டத்தில் சாதி போயிற்று. இரண்டாவது கூட்டத்தில் தெரு, பாதை, ஊர்வலம் எல்லாம் போயின. பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அம்மாவால் சொல்ல முடியாதே என்று மரகதம் எரிச்சலோடு கேட்டாள். பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று மாங்குளத்தூரில் யாருக்குத்தான் தெரியாது என்றார் தனகோட்டி. கையெழுத்துப் போடாவிட்டால் சிலையை நிறுத்திவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் தாசில்தார், மிகவும் வருத்தத்தோடு.

போன வாரம் நடந்த மூன்றாவது கூட்டத்தில், கல்லடி பட்டுச் செத்த மரகதத்தின் பெயரைச் சிலை சொல்லக்கூடாது என்றார்கள். வழக்கிலேயே எல்லோரும் விடுதலையான பிறகு அந்தப் பெயரை இழுப்பது ஊர்ப் பெரியவர்களைக் கொலைகாரர்கள் என்பதற்குச் சமமாம். இது என் பெயரும்தானே என்று மரகதம் கேட்டாள். "இறந்தவங்களைப் பத்திதாம்மா பேச்சு, உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் தாசில்தார். மரகதத்துக்கு அன்று இரவுப்பணி. சண்டை போட்டு ஓய்ந்துபோய், தொலையட்டும் என்று போட்டுவிட்டு வந்தாள்.

இப்போது எல்லம்மா வீட்டிலிருந்து விடுவிடுவென்று நடந்து, பெரிய தெரு முனையில் இருந்த கூண்டுக்கு எதிரில் போய் நின்றாள். காவல் போலீஸ்காரர்களில் ஒருவர் குடையை நகர்த்தி இடம் விட்டார். சிலை அவளைப் பார்த்தது. அந்தக் கண்ணில் காமிரா வைத்திருந்தார்கள்.

"அம்மா, நான்தான்" என்றாள்.

"பொறுமையாக இருங்கள். மனு கொடுங்கள். அரசு ஆவன செய்யும்."

பெற்ற மகளைப் போய் 'இருங்கள்' என்றதில் மரகதத்துக்கு நெஞ்சு எரிந்தது. எல்லம்மாவைச் சேற்றில் தூக்கிப்போகச் சொல்கிறாயா, உனக்கு மூளை குழம்பிவிட்டதா என்று கேட்டாள். அதே மூன்று வாக்கியம் வந்தது, அதே நிதானத்தில். ஊர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த பெரிய ஸ்பீக்கரிலும் சேர்ந்து முழங்கியது. பக்கத்து டீக்கடையில் யாரோ, "பூங்காவனத்துக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் ரிஸ்வானுக்குப் போன் போட்டாள். நலம் விசாரிக்கவெல்லாம் அவளுக்குப் பொறுமை இல்லை.

"தம்பி, இந்தச் சிலையை நிறுத்திடு. வாரிசு நான் சொல்றேன். எழுதியே தர்றேன். இது எங்கம்மா இல்ல."

அவன் தயங்கினான். பிறகு, தான் சொன்னதாக யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

"அவங்க மாறலை மேடம். உள்ள அப்படியேதான் இருக்காங்க. வாய்க்கு மட்டும்தான் வடிகட்டி போட்டிருக்கு. தடை பண்ணின வார்த்தை ஒண்ணு வந்தாலும் அவங்க சொல்ற மொத்தத்தையும் எடுத்துட்டு, ஆபீஸ்ல குடுத்த வாசகத்தைப் போட்டுடும். போன வாரம் வரைக்கும் அந்த வார்த்தை வந்தா சும்மா நின்னுடும். பாதியில நின்னுபோனா, வாயைக் கட்டிட்டாங்கன்னு ஜனங்க பேசுவாங்கன்னு மேலிடத்துல இப்படிச் சொல்லிட்டாங்க."

"எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுது."

"தெரு, பாதைன்னு கேட்டிருப்பீங்க."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல, அம்மா நான்தான்னு மட்டும்தான சொன்னேன். அதுக்கு எந்த வார்த்தை வரும்?"

"உங்க பேரைச் சொல்லியிருப்பாங்க மேடம்" என்றான் ரிஸ்வான்.

மரகதம் போனை வைத்துவிட்டாள். கூண்டுக்கம்பி மழையில் சில்லென்றிருந்தது. செத்தவள் பெயர் எது, இருப்பவள் பெயர் எது என்று அந்த வடிகட்டிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் மகளின் பெயரைச் சொல்லி அம்மா வாயைத் திறக்கிறாள், வெளியே ஆவன செய்யும் என்று வருகிறது. தானே கையெழுத்துப் போட்டு அம்மாவின் வாயில் துணியைத் திணித்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தனகோட்டி மேலும் தாசில்தார் மேலும் வந்ததைவிட அது பெரிது.

ஆத்திரம் சற்று அடங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஏகாம்பரம் காலையில் கேட்டதற்கும் இதே பதில்தான் வந்திருக்கிறது.

அவள் காலனிக்குத் திரும்பினாள். ஏகாம்பரத்தையும், அம்மாவுக்குப் பிறகு காலனிச் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டத்தையும் வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். பறைச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. கோதண்டம் சுலபத்தில் எதையும் நம்புகிற ஆள் இல்லை.

"அப்ப, போங்கன்னுதான் சொல்லியிருக்கும்ன்றியா? போவாதீங்கன்னும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"போவாதீங்கன்ற வார்த்தைக்குத் தடை கெடையாதுண்ணா. ஒத்த வார்த்தையில வெளிய வந்திருக்கும். போறதுன்னா தெரு வழியாப் போங்கன்னுதான சொல்லும், அதான் மாட்டிக்கிச்சு."

"நிச்சயமாத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது" என்றாள் மரகதம். "ஆனா எங்கம்மா யாரையாவது சேத்துல போவச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

கோதண்டம் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். வெகுநாளாக இவர்கள் யாருமே சொந்தமாக யோசிக்கவில்லையோ என்று மரகதத்துக்குத் தோன்றியது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, அம்மாவைக் கேள். பையனுக்குப் பெண் பார்க்கவேண்டுமா, அம்மாவைக் கேள். உயிரோடு இருந்த பூங்காவனம், என்னைக் கேட்டா பொறந்தீங்க என்று விரட்டியிருப்பாள். வெண்கலமான பிறகு அவளைக் கும்பிட்டுக் கும்பிட்டு, கூண்டைச் சுற்றியே கிடக்கிறார்கள். தானும் அதைத்தானே செய்தோம் என்று நினைத்தபோது அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பாடை கிளம்பி, வயலுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேராகப் போனது.

பெரிய தெரு வெறிச்சென்று கிடந்தது. ஊர்க்காரர்களும்தான் காலையிலிருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்களே. பூங்காவனமே பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டாள் என்ற நிம்மதியில் அவரவர் மில்லுக்கும் நடவுக்கும் போய்விட்டார்கள். கல் எடுக்க ஆளில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டுப் பெண் சாத்தப் போய், எல்லம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். காவல் போலீஸ்காரர்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னாலேயே நடந்தார்கள். அதைப் பார்த்தால் பாதுகாப்பு கொடுப்பது போலத்தான் இருந்தது.

வழியில் பாடையை ஓரிடத்தில் இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பித் தூக்குவது வழக்கம். கோதண்டம் தெருவின் நடுவில் ஓரிடத்தில் கையைக் காட்டினார். அங்கே இறக்கினார்கள். அது எந்த இடம் என்று மரகதத்துக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தன் பெயர்க்காரி விழுந்த இடத்தில் அவள் குனிந்து ஈரத் தரையைத் தொட்டுக்கொண்டாள். தனகோட்டி செய்தி கேட்டுத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தபோது, சுடுகாட்டில் கொள்ளி வைத்தாகிவிட்டது.

நாலாவது சமாதானக் கூட்டத்தில் டீயோடு வடையும் இருந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். ரிஸ்வானும் லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்திருந்தான். சிலைதான் தூண்டிவிட்டது என்று தனகோட்டி மேஜையைத் தட்டினார். ரிஸ்வானை விட்டு அன்றைய பேச்சு முழுவதையும் போட்டுக் கேட்டார்கள். காலையிலிருந்து மாலைவரை பூங்காவனத்தின் குரல் பொறுமையாக இருக்கச் சொல்லியது, மனு கொடுக்கச் சொல்லியது, அரசை நம்பச் சொல்லியது. கேட்கக் கேட்க அதிகாரியின் முகம் மலர்ந்தது.

கோதண்டத்தைப் பார்த்து, யார் பேச்சைக் கேட்டுத் தெருவில் போனீர்கள் என்றார்.

"யார் பேச்சையும் கேக்கலைங்க ஐயா. கோர்ட்டு உத்தரவு இருக்குது, போனோம்" என்றார் கோதண்டம்.

இனிமேல் சிலை வாயையே திறக்கக்கூடாது என்றார் தனகோட்டி. திட்டத்தின் பெயரே பேசும் நினைவகம், பேசாவிட்டால் எப்படி என்றார் அதிகாரி. வேண்டுமானால் ஆட்சேபணைக்குரிய வார்த்தையைச் சொல்லுங்கள், எடுத்துவிடலாம் என்றார். 'பொறுமை', 'மனு', 'அரசு' இந்த மூன்றில் எதைத் தடை செய்யச் சொல்வது என்று தனகோட்டிக்கு விளங்கவில்லை. வடையைப் பிட்டு, தின்னாமல் வைத்தார். இவ்வளவு பதற்றமான நேரத்திலும் வரம்பு மீறாத சிலை தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்று அதிகாரி பாராட்டினார். மற்ற ஊர்களில் இருக்கும் போராளிகளுக்கும் இதே ஏற்பாட்டையும் இதே வாசகத்தையும் பொருத்த மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார். மூலையில் ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டம் முடியும் நேரத்தில் தாசில்தார் மரகதத்தின் பக்கம் திரும்பினார். நிஜமான அக்கறையோடுதான் பேசினார்.

"ரிஸ்வான் ஒரு விஷயம் சொன்னார்மா. உங்க பேரையும் சேர்த்துத் தடுத்துட்டோம் போல. கேட்டதும் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அதை மட்டும் விடுவிச்சுடலாம். ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மொத்த ஏற்பாட்டையும் திறந்து, எந்தக் கேள்விக்கு என்ன பதில் வருது, ஏன் வருதுன்னு ரெண்டு தரப்பு முன்னாடியும் மறுபடி சோதிச்சுப் பாக்கணும். ஐயாவும் இங்க இருக்காங்க, இன்னிக்கே செஞ்சுடலாம். வாரிசு நீங்க சரின்னா போதும்."

தனகோட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோதண்டம் மரகதத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். சோதித்துப் பார்த்தால், அம்மா தெருவைச் சொல்லும்போதெல்லாம் அந்த மூன்று வாக்கியம் வருகிறது என்பது தனகோட்டிக்கும் தெரிந்துவிடும். காலனியில் அடுத்த பிணம் விழும்போது தெரு நிறைய ஆள் நிற்கும்.

மரகதத்துக்கு இந்த மனிதர்கள்மேலும் இந்த டீமேலும் அலுப்பாக இருந்தது. அம்மாவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போதே, இதற்குப் போய் மன்னிப்பு கேட்டதற்காக அம்மா திட்டுவாள் என்று தெரிந்தது.

"வேண்டாங்க, இருக்கறபடியே இருக்கட்டும்" என்றாள். "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல."

தாசில்தார் நன்றி சொல்லிக் காகிதத்தை நகர்த்தினார். மரகதம் பேனாவை வாங்கி, தன் பெயரை முழுசாக, நிறுத்தி எழுதினாள்.